சான்று யார் கையில் இருக்கிறது? இணைய வணிக நிபுணர்களை எடைபோடும் முறை

ஏற்றுமதி செய்வது எப்படி, பங்குச் சந்தையில் தினமும் சம்பாதிப்பது எப்படி, முதலீடே இல்லாமல் இணையக் கடை நடத்துவது எப்படி என்று யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் கற்றுத் தருவோர் இன்று ஏராளம். அவர்களுள் தொழிலை உண்மையாகவே அறிந்தவர்களும் இருக்கிறார்கள். தொழிலைப் பற்றிப் பேச மட்டும் அறிந்தவர்களும் இருக்கிறார்கள். புதிதாகத் தொழிலில் இறங்க நினைப்பவருக்கு இவ்விரு வகையினரையும் பிரித்தறிவது எளிதன்று. அந்தத் துறையை அவர் இன்னும் கற்கவில்லை. கற்காததால்தான் நிபுணரைத் தேடி வருகிறார். அப்படிப்பட்டவர் நிபுணரின் பேச்சில் உள்ள பிழையை எப்படிக் கண்டுபிடிப்பார்?

கண்டுபிடிக்க வேண்டிய தேவையில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வரும் செய்தி. பேச்சின் சரிபிழையை ஆராயும் அளவுக்கு நமக்கு அறிவு இல்லாதபோதும், அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை எங்கிருந்து வருகின்றன என்று நம்மால் பார்க்க முடியும். நிபுணர் தாமே உருவாக்கி, தாமே தேர்ந்தெடுத்து, தாமே காட்டுகின்ற சான்றுக்கு மதிப்பு குறைவு. அவரால் திருத்தவோ மறைக்கவோ முடியாத இடத்தில், அவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரின் பொறுப்பில் இருக்கும் சான்றுக்கு மதிப்பு அதிகம். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், மற்றவை பெரும்பாலும் தேடிப் பார்க்கும் பொறுமையைச் சார்ந்தவையே.

பேச்சு ஏன் நல்ல அளவுகோல் அன்று?

1970-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை டாக்டர் மைரன் ஃபாக்ஸ் என்று பெயர் மாற்றி, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாட்டின் பயன்பாடு என்னும் தலைப்பில் உரையாற்ற வைத்தார்கள். அவருக்கு அந்தப் பொருள் தெரியாது. முன்னுக்குப் பின் முரணான கூற்றுகளும் பொருளற்ற சொற்களும் நிறைந்த உரையை நகைச்சுவையோடும் தன்னம்பிக்கையோடும் பேசும்படி அவரைப் பழக்கியிருந்தார்கள். கேட்டவர்கள் உளவியல் மருத்துவர்களும் கல்வியாளர்களும் சமூகப் பணியாளர்களும். உரை பயனுள்ளதாகவும் சிந்தனையைத் தூண்டுவதாகவும் இருந்தது என்றே அவர்களுள் பெரும்பாலோர் மதிப்பிட்டார்கள். பின்னர் காணொளியாகப் பார்த்த வேறு குழுவினரும் ஏறக்குறைய அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். 1973-இல் வெளியான இந்த ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுவதற்குக் காரணம், ஏமாந்தவர்கள் படிக்காதவர்கள் அல்லர் என்பதே. சரளமும் உற்சாகமும் எவரையும் விஷயம் விளங்கிவிட்டதாக உணர வைக்கும். அந்த உணர்வு விஷயம் இருந்ததற்குச் சான்றாகாது. நன்றாக ஒளியமைக்கப்பட்ட அறையில், நல்ல மைக்கில், தயக்கமின்றிப் பேசும் ஒருவரைக் கேட்கும்போது இதை நினைவில் கொள்வது நல்லது.

ஒரே பக்கத்தை உற்றுப் பார்ப்பதும் பெரிதாக உதவுவதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற 10 வரலாற்றாசிரியர்களும், செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்க்கும் 10 பேரும், 25 மாணவர்களும் பங்கேற்றார்கள். குழந்தை மருத்துவர்களுக்கான இரண்டு அமைப்புகளின் இணையதளங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று அவர்களிடம் கேட்டார்கள். ஒன்று 1930-இல் தொடங்கப்பட்ட பெரும் மருத்துவச் சங்கம். மற்றொன்று 2002-இல் அதிலிருந்து பிரிந்த மிகச் சிறிய குழு. வரலாற்றாசிரியர்களும் மாணவர்களும் தளத்தின் வடிவமைப்பு, அடிக்குறிப்புகள், பெயரின் கம்பீரம் ஆகியவற்றைப் பார்த்துத் தடுமாறினார்கள். உண்மை சரிபார்ப்பவர்களோ சில நொடிகளிலேயே அந்தத் தளத்தை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடி, விரைவாகச் சரியான முடிவுக்கு வந்தார்கள். இதனைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். நிபுணரின் காணொளியை மூன்றாவது முறை பார்ப்பதைவிட, அவருடைய சேனலை மூடிவிட்டு வேறு இடத்தில் அவர் பெயரைத் தேடுவது மேலானது.

லாபக் கணக்கும் வகுப்புக் கட்டணமும்

இந்தியாவில் இந்தச் சிக்கல் மிகத் தெளிவாகப் பதிவாகியிருப்பது பங்குச் சந்தைத் துறையில்தான். ஏனெனில் அங்கே செபி என்ற ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது, அதன் உத்தரவுகள் யாரும் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன. 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் சந்தை வகுப்புகள் நடத்தியவரைப் பற்றி 2023 அக்டோபரில் செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவு, தொடக்க நிலையில் உள்ள எவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஆவணம். தம் வர்த்தக லாபங்களை அவர் பின்தொடர்வோருக்குக் காட்டிவந்தார். ஆனால் 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரையிலான அவருடைய வர்த்தகக் கணக்கைச் செபி எடுத்துப் பார்த்தபோது, நிகரமாக ரூ.2.89 கோடி நட்டம் இருந்ததாக உத்தரவு கூறுகிறது. பதிவு பெறாமல் ஆலோசனை வழங்கித் திரட்டியதாகக் கூறப்பட்ட ரூ.17.2 கோடியை முடக்கவும் அந்த உத்தரவு ஆணையிட்டது.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சந்தையில் இழப்பு, சந்தையைக் கற்றுத் தருவதில் வருமானம். காட்டப்பட்ட லாபங்கள் பொய்யாக இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. லாபம் வந்த நாளின் திரையை மட்டும் காட்டி, நட்டம் வந்த நாளைக் காட்டாமல் விட்டாலே போதும். ஒருவருக்கு மூன்று வர்த்தகக் கணக்குகள் இருந்து, அவற்றுள் ஒன்று மட்டும் ஏறியிருந்தால், அந்த ஒன்றின் ஸ்கிரீன்ஷாட் முற்றிலும் உண்மையானதாகவே இருக்கும், ஆனால் அவருடைய திறமையைப் பற்றி அது எதையும் சொல்லாது. போதாக்குறைக்கு, உலாவியில் தெரியும் எண்ணை மாற்றிப் படம் எடுப்பது கணினி ஓரளவு தெரிந்த பள்ளி மாணவராலும் முடிகிற காரியம். எனவே ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றாகவே கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உண்மையான லாபக் கணக்கைக் காட்டினாலும் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. பங்கு முன்பேரம் (ஃபியூச்சர்ஸ்), ஆப்ஷன்ஸ் எனப்படும், வருங்கால விலையை வைத்து நடக்கும் ஒப்பந்த வர்த்தகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களின் கணக்குகளைச் செபி ஆராய்ந்து, 2024 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அவர்களுள் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள். மொத்த இழப்பு ரூ.1.8 லட்சம் கோடியைத் தாண்டியது. செலவுகள் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் கண்டவர்கள் 1 சதவீதம் மட்டுமே. இந்த எண்களைப் படிப்பவர்கள் வழக்கமாக 93 சதவீதத்தோடு நின்றுவிடுகிறார்கள். நான் மீதியுள்ள 7 சதவீதத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கோடிப் பேரில் 7 சதவீதம் என்றால் ஏழு லட்சம் பேர். அவர்களுள் நூறில் ஒருவர் கேமராவின் முன் அமர்ந்தாலும், உண்மையாகவே லாபம் பெற்ற ஏழாயிரம் ஆசிரியர்கள் நமக்குக் கிடைப்பார்கள். ஆயிரத்து இருபத்து நான்கு பேர் ஆளுக்குப் பத்து முறை நாணயம் சுண்டினால், சராசரியாக ஒருவருக்குப் பத்து முறையும் தலையே விழும் என்பது கணக்கு. அந்த ஒருவர் நாணயம் சுண்டும் கலையைக் கற்றவர் என்று யாரும் சொல்ல மாட்டோம். பெருங்கூட்டம் ஒரு செயலில் இறங்கும்போது, வென்றவர் ஒருவர் இருக்கிறார் என்பது அவரிடம் முறை இருக்கிறது என்பதை நிறுவாது.

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் 7,600 அளவுக்கு வீழ்ந்த பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி, 2021 அக்டோபரில் 18,000-ஐக் கடந்தது. அந்த ஒன்றரை ஆண்டில் நல்ல பங்குகளை வாங்கிச் சும்மா இருந்தவர்களும் பணம் பார்த்தார்கள். அக்காலத்து லாபத்தை மட்டும் காட்டித் தம்மை நிபுணர் என்று சொல்லிக்கொள்பவர், சந்தை இறங்கிய காலங்களில் என்ன சொன்னார், என்ன செய்தார் என்று தேடிப் பார்ப்பது நியாயமானதே. இணையத்தின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் ஆவணக் காப்பகத் தளங்கள் இதற்கு உதவும். தவறிப்போன கணிப்புகளை அழிக்காமல் வைத்து, ஏன் தவறியது என்று பேசியிருப்பவர் கிடைத்தால் அவரைக் கவனித்துக் கேளுங்கள்.

எல்லாத் துறையிலும் நிபுணர் உருவாக முடியுமா?

உளவியலாளர்கள் டேனியல் கானிமனும் கேரி கிளைனும் நிபுணர்களின் உள்ளுணர்வைப் பற்றி நேரெதிர்க் கருத்துகள் கொண்டிருந்தவர்கள். இருவரும் சேர்ந்து ஆராய்ந்து 2009-இல் ஒரு பொது முடிவுக்கு வந்தார்கள். ஒருவரின் அனுபவ அறிவை நம்புவதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: அந்தத் துறையில் நிலையான ஒழுங்கு இருக்க வேண்டும், செய்தது சரியா தவறா என்று அவருக்குத் திரும்பத் திரும்பத் தெளிவாகத் தெரிய வந்திருக்க வேண்டும்.

தொழில் உலகில் இதைப் பொருத்திப் பார்த்தால் பல குழப்பங்கள் தெளியும். ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வது, சுங்க ஆவணங்கள் தயாரிப்பது, கடலை மிட்டாய்க்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் பெறுவது ஆகியவற்றில் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. தவறு செய்தால் நோட்டீஸ் வரும், சரக்கு துறைமுகத்தில் நிற்கும். பத்து ஆண்டு அந்த வேலை செய்தவருக்கு உண்மையில் ஏதோ தெரிந்திருக்கும். நாளை நிஃப்டி ஏறுமா, எந்தப் பொருள் அடுத்த ஆண்டு அமேசானில் விற்றுத் தீரும் என்பவை அப்படிப்பட்ட ஒழுங்கு கொண்டவை அல்ல. அங்கே பத்து ஆண்டு அனுபவம் என்பது பத்து ஆண்டுக் கால ஊகமாகவும் இருக்கக்கூடும். அரசியல், பொருளாதாரக் கணிப்புகள் சொல்லும் 284 நிபுணர்களை இரண்டு பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்த பிலிப் டெட்லாக், ஊடகங்களில் அதிகம் அழைக்கப்பட்ட புகழ்பெற்றவர்களின் கணிப்புகள் மற்றவர்களுடையதைவிடத் துல்லியமாக இல்லை, சற்றுக் குறைவாகவே இருந்தன என்று கண்டார். உறுதியாகப் பேசுபவரைத்தான் மேடை அழைக்கிறது; ஆனால் ஒழுங்கற்ற துறையில் உறுதியாகப் பேசுவதே ஓர் எச்சரிக்கை. ஆகவே ஒரு நிபுணரைப் பற்றி யோசிக்கும் முன், அவர் கற்றுத் தருவதாகச் சொல்வது கற்றுத் தரக்கூடியதுதானா என்று கேளுங்கள்.

அவருடைய வெற்றி எந்தத் துறையில் வந்தது என்பதும் இதனோடு சேர்ந்தது. ஜவுளிக்கடையைச் சிறப்பாக நடத்துபவர் ஜவுளிக்கடையைப் பற்றி நல்ல ஆலோசனை சொல்லலாம். அதே தகுதியில் அவர் ஏற்றுமதி வகுப்பும் எடுத்தால், அந்த இரண்டாவது தகுதிக்குத் தனிச் சான்று வேண்டும்.

எங்கே தேடுவது?

நிபுணர் ஒரு நிறுவனத்தின் உரிமையாளராகத் தம்மைச் சொல்லிக்கொண்டால், மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்த நிறுவனம் எப்போது பதிவானது, இயக்குநர்கள் யார் யார் என்பதைப் பார்க்கலாம். சிறு கட்டணம் செலுத்தினால் அது தாக்கல் செய்த ஆண்டுக் கணக்குகளையும் படிக்கலாம். பத்து ஆண்டுகளாக நூறு கோடி விற்றுமுதல் செய்வதாகச் சொல்லும் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் சென்ற ஆண்டுதான் பதிவாகியிருந்தால், அதற்கு விளக்கம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நிறுவனமாகப் பதியாமல் ஒருவரே நடத்தும் தனியுரிமைத் தொழிலாக இருந்தால் இந்தக் கணக்குகள் கிடைக்காது. ஆனால் ஜிஎஸ்டி எண்ணை அத்துறையின் தளத்தில் இட்டு, பதிவான பெயர், நாள், ரிட்டர்ன் தாக்கல் செய்யப்படுகிறதா என்பவற்றைப் பார்க்கலாம். சேவை வழங்குவோர் ஆண்டுக்கு ரூ.20 லட்சம் விற்றுமுதலைக் கடந்தால் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பத்தாயிரம் ரூபாய் வகுப்பில் இருநூறு பேர் சேர்ந்தாலே அந்த எல்லை வந்துவிடும். ஆயிரக்கணக்கான மாணவர்கள் என்று ஒருபுறம் விளம்பரம் செய்துவிட்டு, மறுபுறம் ரசீது இல்லாமல் தனிப்பட்ட ஜிபே எண்ணுக்குக் கட்டணம் அனுப்பச் சொல்பவரின் இரண்டு கூற்றுகளில் ஏதோ ஒன்று சரியில்லை.

பங்குச் சந்தை ஆலோசனையாக இருந்தால் வேலை இன்னும் எளிது. கட்டணம் பெற்று முதலீட்டு ஆலோசனை கூறுவோரும், பங்குப் பரிந்துரை செய்யும் ஆய்வாளர்களும் செபியிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆலோசகர்களின் எண் ஐஎன்ஏ என்றும், ஆய்வாளர்களின் எண் ஐஎன்ஹெச் என்றும் தொடங்கும். எண் எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல், செபியின் தளத்தில் அந்த எண்ணுக்கு உரிய பெயரும் தொடர்பு விவரங்களும் நீங்கள் பேசிக்கொண்டிருப்பவருடையவையா என்று பாருங்கள். உண்மையான ஒருவரின் எண்ணைத் திருடிப் பயன்படுத்தும் மோசடிகள் நடக்கின்றன. நாங்கள் ஆலோசனை தருவதில்லை, கல்வி மட்டுமே தருகிறோம் என்று சொல்லிப் பதிவைத் தவிர்ப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. கல்வி மட்டும் தருவோர் கடந்த மூன்று மாதங்களின் பங்கு விலைத் தரவுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி தெளிவுபடுத்தியது. எனவே இன்றைய விலையைத் திரையில் வைத்துக்கொண்டு இந்தப் பங்கை வாங்குங்கள் என்பவர் கல்வியாளர் என்ற எல்லைக்குள் இல்லை. பதிவு இருப்பது, அவர் சொல்வது பலிக்கும் என்பதற்கு உத்தரவாதம் அன்று. தவறு நேர்ந்தால் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது என்பதே அதன் பொருள், அதுவே பெரிய விஷயம்.

ஏற்றுமதி வகுப்புகளைப் பொறுத்தவரை, அரசு நேரடியாகத் தருவதை நிபுணர் தாம் வாங்கித் தருவதாகச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் தளத்தில் ரூ.500 செலுத்தி நாமே பெறலாம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. இவற்றையே சிறப்புத் தொகுப்பு என்று ஆயிரக்கணக்கில் விற்பவர், மற்ற விஷயங்களில் உங்கள் நலனை முன்வைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மாவட்டத் தொழில் மையங்களிலும், தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்திலும் நடைபெறும் பயிற்சிகளைப் பற்றி முதலில் விசாரித்துவிட்டு, அங்கே கிடைக்காத எதை இந்த வகுப்பு தருகிறது என்று கேட்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

விருதுகளையும் பட்டங்களையும் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு போலியான கௌரவ டாக்டர் பட்டங்களை வழங்கியதும், பல்கலைக்கழகம் காவல்துறையில் புகார் கொடுத்ததும் செய்தியாக வந்தன. பட்டம் வாங்கியவர்களுள் பலரே ஏமாற்றப்பட்டவர்கள். அரங்கின் பெயரைப் பார்த்து நம்பினால் இதுதான் நேரும். கொடுத்தது யார், அதைக் கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டா என்பதே கேள்வி.

மாணவர் சாட்சியங்களைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல மனம் படைத்தவர்களும் ஏமாறும் இடம் இது. குடிமைப் பணித் தேர்வில் வென்றவர்களின் படங்களைப் போட்டு விளம்பரம் செய்த பல பயிற்சி மையங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது. அந்த வெற்றியாளர்கள் பொய்யானவர்கள் அல்லர். அந்த மையங்களோடு அவர்களுக்குத் தொடர்பும் இருந்தது. ஆனால் அவர்களுள் பலர் முதல்நிலைத் தேர்வையும் முதன்மைத் தேர்வையும் சொந்த முயற்சியில் கடந்த பிறகு, இலவசமான நேர்முகத் தேர்வு வழிகாட்டல் வகுப்பில் மட்டும் கலந்துகொண்டவர்கள். அதை விளம்பரம் சொல்லவில்லை. தொழில் வகுப்பின் சாட்சியங்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும்: அந்த மாணவர் சேரும்போது எந்த நிலையில் இருந்தார்? அவரோடு சேர்ந்த மற்றவர்கள் எத்தனை பேர், அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? அவருடைய வருமானம் கற்ற தொழிலிலிருந்து வருகிறதா, அல்லது அதே வகுப்பை மற்றவர்களுக்கு விற்றுக் கிடைக்கும் தரகா? கடைசிக் கேள்விக்குத் தரகு என்பது விடையானால், அது வகுப்பே அன்று, ஆள் சேர்ப்பு. ஆள் சேர்ப்பதற்காகப் பணம் தரும் சங்கிலித் திட்டங்களை 2021-இன் நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன.

இன்னும் மூன்று இடங்கள்தான் மீதம், இன்று இரவு பன்னிரண்டு மணியோடு சலுகை முடிகிறது என்ற அவசரத்தைக் கண்டால், மறுநாள் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடிகாரம் மீண்டும் முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தால் சான்று கிடைத்துவிட்டது. 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் போலி அவசரமும் ஒன்று.

இவ்வளவு தேடியும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை முப்பது ஆண்டுகளாக ஏற்றுமதி செய்பவருக்கு யூடியூப் சேனல் இருக்க வேண்டும் என்பதில்லை, இணையத்தில் பெயர்கூட இல்லாமல் இருக்கலாம். இணையத் தடம் இல்லாமை குற்றமன்று. அத்தகையவரை அவரிடம் சரக்கு வாங்குபவர், அவருக்குச் சரக்கு கொடுப்பவர், அவரோடு பணப் பரிமாற்றம் வைத்திருக்கும் மற்ற மனிதர்கள் ஆகியோரிடம் விசாரித்து அறியலாம். அதுவும் அவர் கையில் இல்லாத சான்றுதான்.

கட்டணம் செலுத்துவது என்று முடிவு செய்துவிட்டால், செலுத்தும் முன்பே விளம்பரக் காணொளி, விற்பனையாளரின் வாட்ஸ்அப் செய்திகள், பணம் திரும்பத் தரும் நிபந்தனை ஆகியவற்றைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரங்கள் பிறகு அழிக்கப்பட்டுவிடும். ஏமாற்றப்பட்டதாகக் கருதினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். இணையவழிப் பண மோசடி என்றால் தாமதிக்காமல் 1930. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் வழக்குத் தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியவருக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளிக்கிறது, ஆகவே புகாரில் அதைத் தெளிவாக எழுதுங்கள். வழக்குக்குக் காரணமான நிகழ்வு நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.